கட்டைவிரல் பூவும் ராட்சதப் பல்லியும்

சின்னத்தாய் ஜெயித்ததையெல்லாம் முதலில் சொல்லிவிட வேண்டும். எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்காது என்றார்கள், தங்கினாள். நாலு வயதில் கிணற்றில் விழுந்தாள். தூக்குவதற்கு ஆள் இறங்குவதற்குள் இறைவைக் கயிற்றைப் பிடித்துப் பாதிக் கிணறு ஏறியிருந்தாள். ஆண்டிபட்டிப் பக்கம் அவர்கள் ஊர்ப் பொங்கலில், ஆம்பளைகளுக்கென்று நட்ட வழுக்கு மரத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஏறி, உச்சியில் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். பரிசு செல்லாது என்று விழாக் கமிட்டி தீர்மானம் போட்டது. வேட்டி இன்னும் அண்ணன் வீரணனிடம்தான் இருக்கிறது. அண்ணனோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்த பிறகு, ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அங்கே பழைய பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டியில் ஜன்னலோர இடம் பிடித்தாள். அதுவும் ஜன்னல் வழியாகத் துண்டு போடாமல், மரியாதையாக வாசல் வழியாக ஏறிப் பிடித்தாள். முதலிபாளையத்து லைன் வீட்டுக் குழாயில் முதல் குடம் எப்போதும் அவளுடையது. ஒரு கடைக் குலுக்கலில் மிக்ஸி விழுந்தது. பெயர் எழுதிக் கொடுத்தது வீரணன் மனைவி, ஆனால் சீட்டை எடுத்த கை சின்னத்தாயுடையது. ஆகவே அதையும் இந்தப் பக்கமே சேர்ப்பதுதான் நியாயம். கடைசியாக, 2007இல், ஆளைவிட நீளமான ஒரு பல்லியை ஜெயித்தாள். அந்தக் கதைதான் இது.

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட பிரிண்டிங் யூனிட் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். பனியன் துணியை வெட்டிய பிறகு, தைப்பதற்கு முன்னால், படம் அடிக்கிற இடம் அது. நீளமான டேபிள்கள். டேபிளில் பசை. வெட்டின துணியை ஒவ்வொன்றாகச் சுருக்கமில்லாமல் பசைமேல் ஒட்டிக்கொண்டே போவது ஒருவர் வேலை; அதற்குப் பீஸ் போடுவது என்று பெயர். பின்னாலேயே, படம் பதித்த வலைச் சட்டமான ஸ்கிரீனைத் தூக்கி வந்து பீஸ்மேல் வைத்து, ரப்பர் கட்டையால் கலரை இழுத்து விடுவது இன்னொருவர் வேலை. அதற்குத்தான் படம் அடிப்பது என்று பெயர். பீஸ் போடுவது பெண்கள். படம் அடிப்பது ஆண்கள். ஏன் என்று கேட்டால், "பொம்பளை கைக்கு அழுத்தம் பத்தாது" என்பார்கள். கிணற்றுக் கயிற்றையும் வழுக்கு மரத்தையும் அவர்கள் பார்த்ததில்லை.

சின்னத்தாய்க்கு ஸ்கிரீன் பிடித்துப் படம் அடிக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். ஒரு தீபாவளிக்கு ஆண்களெல்லாம் ஊருக்குப் போய்விட்ட சமயத்தில் அவசர ஆர்டர் ஒன்று வந்தபோது, அவளும் தோழி அபிராமியும் சேர்ந்து மொத்தத்தையும் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் மறுபடி பீஸ் போடப் போனாள்.

யூனிட்டின் முதலாளி ரங்காத்தாள். அவர் வீட்டுக்காரர் குண்டடத்துத் தோட்டத்தையும் மாடுகளையும் விட்டு வரமாட்டார் என்பதால், யூனிட்டை அந்த அம்மாதான் பார்த்துக்கொண்டார். நல்ல மனது. குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. மெஷின் ஓடும்போதும் கேட்கும், ஓடாதபோதும் அதே அளவில் கேட்கும்.

அந்த மாசி மாதம், சாம்பிள் டேபிள் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் கணியூரில் சொந்தமாகத் தொழில் வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். சாம்பிள் டேபிள் என்பது ஜன்னலோரம் இருக்கிற ஒரு சின்ன டேபிள். எந்தப் படம் வந்தாலும் முதலில் அங்கேதான் அடிப்பார்கள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பி, வாங்குகிறவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பெரிய டேபிள்களில் ஆயிரக்கணக்கில் ஓடும். அங்கே நிற்கிறவருக்கு ஒரு ஃபேன் தனியாக உண்டு. டீ முதலில் வரும். படமும் அவரே அடிப்பார்.

அந்த இடம் காலியான மறுநாளே ஆர்டர் கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து, அந்த ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் நித்யஸ்ரீ ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஸ்கூட்டி நீல நிறம். பச்சை என்று சிலர் சொல்வார்கள், நீலம்தான். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். வாங்குகிறவர்கள் அனுப்பிய இரண்டு படங்களை டேபிள்மேல் விரித்தாள்.

"அழிஞ்சுட்டு வர்ற உசுருகன்னு குழந்தைங்க டீ-சர்ட்டுங்க அம்மா. ரெண்டு டிசைன் அனுப்பியிருக்காங்க. ரெண்டுக்கும் சாம்பிள் கேக்கறாங்க. ஒண்ணைத்தான் ஓகே பண்ணுவாங்களாமா."

ஒரு படத்தில் பூ. சின்னப் பூ, நடு இதழில் தேனீ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. இன்னொன்றில் பல்லி. பக்கத்தில் அளவு தெரிவதற்காக ஒரு மனிதனை வரைந்திருந்தார்கள். பல்லிதான் பெரிதாக இருந்தது.

"இது பல்லியா, முதலைக்கு மச்சானா?" என்றான் முனீஸ். சாத்தூர்ப் பக்கத்துக்காரன். யூனிட்டில் நன்றாகப் படம் அடிக்கிறவன், அது தனக்குத் தெரியும் என்பதை ஒளிக்காதவன்.

ரங்காத்தாள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூரை அதிரச் சொன்னார்: "பூவைச் சின்னத்தாயி அடிக்கட்டும். பல்லியை முனீசு அடிக்கட்டும். எது ஓகே ஆகுதோ, அடிச்சவிங்களுக்குச் சாம்பிள் டேபிளு. அப்பறம் யாரும் எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கிட்டு நிக்கக்கூடாது."

சின்னத்தாய் பக்கத்தில் நின்ற அபிராமியின் தோளைப் பிடித்து அமுக்கிய அமுக்கில் அபிராமி கத்தினாள்.

"பூ அடிக்கப் பொம்பளை. அம்மா பொருத்தம் பாத்துத்தான் குடுத்திருக்காக," என்றான் முனீஸ்.

"ஆமாடா. பல்லிக்கும் அப்படித்தான் பொருத்தம் பாத்திருக்காங்க," என்றாள் சின்னத்தாய். "மூஞ்சி, முதுகு, எல்லாம் ஒத்துப் போகுது."

அன்றையிலிருந்து யூனிட் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பூக் கட்சி, பல்லிக் கட்சி. டீ நேரம் வந்தால் போதும், படங்களோடு வந்த குறிப்பிலிருந்து நித்யஸ்ரீ படித்துச் சொன்ன விஷயங்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள்.

"எங்க பல்லி மானையே முழுங்கும். உன் பூவு என்ன செய்யும்?" என்றான் முனீஸ் ஒருநாள்.

"உன் பல்லி பெத்த குட்டியையே திங்கும்னு அந்தப் பிள்ளை படிச்சுச்சே, அதையும் சொல்லு. பெரிசுகளுக்குப் பயந்து குட்டிங்க மரத்துல ஏறி ஒளிஞ்சுக்கிடுதாம். நல்ல குடும்பம்டா," என்றாள் சின்னத்தாய்.

"அழிஞ்சு போறதுன்னா பல்லிதான் பாவம். அம்மாம் பெரிய உடம்பை வச்சிக்கிட்டு எங்க போயி ஒளியும்?"

"அதுக்குக் காலு இருக்கு. தீப் பிடிச்சா ஓடும். வெட்ட வந்தாக் கடிக்கும். பூவு நின்ன எடத்துலயே நிக்கணும். அழகா வேற இருக்கு, அதனால பிடுங்கிட்டுப் போறாங்க. பயமுறுத்தவும் தெரியாது, ஓடவும் தெரியாது. எது பாவம்?"

பல்லிக் கட்சி கொஞ்ச நேரம் டீயைக் குடித்தது.

"சரி, ரெண்டும் செத்துப் போச்சுன்னு வையி. பல்லி போச்சுன்னா உலகத்துக்கே தெரியும். பூவு போனா யாருக்குத் தெரியும்?" என்று முனீஸ் மறுபடி தலையைத் தூக்கினான்.

"தெரியாமப் போறதுக்குத்தாண்டா அதிகமா அழணும்."

இதைச் சின்னத்தாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் பல்லிக் கட்சியிலிருந்து இரண்டு பேர் அன்றே பூக் கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

அந்தப் பூவின் விதை தூசி மாதிரி இருக்குமாம், மண்ணில் ஒரு வகைப் பூஞ்சை கூடச் சேர்ந்தால்தான் முளைக்குமாம் என்று நித்யஸ்ரீ படித்தாள். மழைக்காலத்தில் துணியில் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே பிழைப்பாக இருக்கிறவர்கள் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நம்ம குடோன்ல விதையைத் தூவுனாக் காடே வளந்திருமேங்க," என்றார் ரங்காத்தாள்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய சிரிப்பு வந்தது வேறொரு விஷயத்துக்கு. அந்தப் பூ தேனீப் பெண்ணைப் போல வேஷம் போட்டு ஆண் தேனீக்களை வரவழைத்து ஏமாற்றுகிறது. அந்தப் பல்லியோ, வெளிநாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில், ஆண் பல்லியே பக்கத்தில் இல்லாமல் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்திருக்கிறது. நித்யஸ்ரீ இதைக் கூச்சப்பட்டுக்கொண்டு கடைசியில்தான் படித்தாள்.

பீஸ் போடுகிற பெண்கள் அத்தனை பேரும் டேபிளைத் தட்டிச் சிரித்தார்கள்.

"அதாவது," என்று அபிராமி விரல் விட்டு விளக்கினாள், "ஒண்ணு ஆம்பளையை ஏமாத்திப் பொழைக்குது. ஒண்ணு ஆம்பளையே வேண்டாம்னு பொழைக்குது."

"நான் பல்லிக் கட்சிங்க," என்றார் ரங்காத்தாள், குண்டடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

முனீஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தன் டேபிளுக்குப் போனான்.

ஆனால் வேலையில் அவன் முந்தினான். பல்லி, சட்டையின் முதுகுப் பக்கம் அடிக்க வேண்டிய படம். வால் இடுப்பில் ஆரம்பித்து, தலை கழுத்துக்குக் கீழே வந்து, நாக்கு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் பீஸை அடித்துக் காயவைத்துத் தொங்கவிட்டபோது, வாட்ச்மேன்கூட வந்து பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். சின்னத்தாய் அதைப் பார்த்தாள். தன் பூவைப் பார்த்தாள். உள்ளங்கை அளவுகூட இல்லை. நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் நன்றாக இருப்பது வேறு, வாட்ச்மேனைப் பின்னால் போக வைப்பது வேறு.

அப்போது ரங்காத்தாள் உள்ளே வந்தார். தொங்குகிற பல்லியைப் பார்த்தார். நின்றார்.

"ஏனுங்க முனீசு, இதை எங்கீங்க அடிச்சிருக்கறீங்க?"

"முதுகுலம்மா. படத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

ரங்காத்தாள் நேராக ஆபீஸ் அறைக்குப் போய்ச் சுவரில் தொங்கிய தினக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதன் அட்டைக்குப் பின்னால் பல்லி விழும் பலன் அச்சடித்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவிப் படித்தார். தலைக்கு ஒரு பலன், காதுக்கு ஒரு பலன், வயிற்றுக்கு ஒரு பலன். முதுகுக்கு வந்ததும் விரல் நின்றது.

"கவலை," என்றார்.

"அம்மா, இது விழுகுற பல்லி இல்ல. அடிக்கிற பல்லி."

"மேல உழுந்தா என்ன, மேல அடிச்சா என்ன சாமி? ஆயிரக்கணக்குல கொழந்தைங்க போடுற துணி. ஒவ்வொரு கொழந்தை முதுகுலயும் கவலையை ஒட்டி அனுப்பறதா? எங்க கம்பெனி பேர்ல அந்தப் பாவம் வேண்டாமுங்க."

"அம்மா, இது பல்லியே இல்ல. உடும்பு வகை. உடும்புக்குக் காலண்டர்ல பலன் இல்ல."

"நீங்கதானே எல்லாரும் பல்லிக் கட்சின்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?"

ரங்காத்தாள் மேலே படித்தார். "தோளு. வெற்றின்னு போட்டிருக்குது. அருமையான பலனுங்க. தோள்ல அடிங்க சாமி."

தோளில் எவ்வளவு இடம் இருக்கும்? குழந்தைச் சட்டையின் தோள். முனீஸ் பல்லியைச் சுருக்கினான். இன்னும் சுருக்கினான். சுருக்கிச் சுருக்கிக் கடைசியில், மானை விழுங்குகிற ராட்சதப் பல்லி, டியூப் லைட்டுக்குப் பின்னால் கொசு பிடிக்கிற பல்லி அளவுக்கு வந்து சேர்ந்தது. பூக் கட்சிக்கு அன்று முழுதும் வேலை ஓடவில்லை. சின்னத்தாய் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

சிரித்தது போதும் என்பது போல அந்தச் சனிக்கிழமை வந்தது.

சாம்பிள் ஒன்று இரண்டு அல்ல. சின்ன சைஸிலிருந்து பெரிய சைஸ் வரை ஒரு வரிசையாகக் கேட்பார்கள். சின்னத்தாய் எல்லாச் சைஸிலும் பூவை அடித்து, சூட்டில் காயவைத்து, தையலுக்கும் அனுப்பி வாங்கிவிட்டாள். மாலை கூரியருக்குப் போக வேண்டும். மத்தியானம் வாரச் சம்பளம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். சின்னத்தாய் எல்லாச் சனிக்கிழமையும் போல ஊதா மையில் கட்டைவிரலை அமுக்கி எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் ஆடு மேய்த்தாள். அண்ணன் ஐந்தாவது வரை போனான். அந்த வீட்டில் ஒருவரைத்தான் அனுப்ப முடிந்தது, அனுப்பினார்கள்.

அன்றைக்குப் பரபரப்பில் விரலைத் துடைக்க மறந்துவிட்டாள்.

கடைசிச் சட்டையை மடிக்க எடுத்தபோது பூவின்மேலேயே பிடித்தாள். வெள்ளைச் சட்டை, நடு மார்பு, பூவின் நடு இதழ், அங்கே ஊதா நிறத்தில் அவளுடைய கட்டைவிரல்.

"ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெரிய டேபிள்கள் நின்றன.

அபிராமி ஓடிவந்தாள். முனீஸும் வந்தான். கறை எடுக்கிற மருந்தை அடிக்கலாமா என்று பார்த்தார்கள். அடித்தால் கறையோடு பூவும் போய்விடும். வேறு பீஸ் அடிக்க அந்தச் சைஸில் வெட்டின துணி இல்லை. ஒரு சைஸ் குறைந்தாலும் வரிசையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜன்னலோரம் சாம்பிள் டேபிளின் ஃபேன் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

முனீஸ் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "தாயி, நெசமாச் சொல்றேன். தேனீ மாதிரித்தான் இருக்கு."

"கிண்டல் பண்ணாதடா."

"கிண்டல் இல்ல. வரி வரியா ஓடுது பாரு. படத்துல வரைஞ்சிருக்கிற தேனீயைவிட இதுதான் தேனீயாட்டம் இருக்கு. ஆனா ஒரு சட்டையில இருக்கு, மத்ததுல இல்லையே."

சின்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த ஒன்று அப்போதுதான் அவளுக்குப் பளிச்சென்று தோன்றியது.

"ஒண்ணுல மட்டும் இருந்தாக் கறை," என்றாள் மெதுவாக. "எல்லாத்துலயும் இருந்தா டிசைன்."

ஓடிப்போய் மைப்பெட்டியைத் தூக்கி வந்தாள். மடித்து வைத்திருந்த சட்டைகளை விரித்தாள். ஒவ்வொரு பூவின் நடு இதழிலும், அதே இடத்தில், அதே சாய்வில், கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். பீஸ் போட்டுப் பழகிய கை. ஒரு நூல்கூட விலகவில்லை. அபிராமி ஊதிக் காயவைத்தாள். கடைசியாக விரல் வைக்க வேண்டிய சட்டையை எதிர்க் கட்சிக்காரனான முனீஸ்தான் பிடித்துக்கொண்டான். அன்றிரவு வீட்டில், "நான் தோத்தாலும் பரவாயில்லண்ணே, ஆனா வரிசை ஒத்துப் போச்சு," என்று சின்னத்தாய் வீரணனிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தாள் என்பது வேறு விஷயம்.

பதில் வர நாளாயிற்று. ஒருநாள் காலை நித்யஸ்ரீ ஸ்கூட்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் ஓடிவந்தாள். ஸ்கூட்டி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை யாரும் தூக்கவில்லை.

"அம்மா! பதில் வந்திருச்சுங்க!"

மெஷின்கள் நின்றன. நித்யஸ்ரீ மூச்சு வாங்கினாள்.

"முதல்ல பல்லிங்க. தோள்ல இருக்கறது என்ன பூச்சின்னு கேட்டிருக்காங்க."

பூக் கட்சி கூரையைப் பிய்த்தது. முனீஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "வெற்றிங்கற பலன் கொஞ்சம் லேட்டா வரும்போலீங்க," என்றார் ரங்காத்தாள், தன் காலண்டரை விட்டுக்கொடுக்காமல்.

"பூவு?" என்றாள் சின்னத்தாய்.

"பூவைத் தொவைச்சுப் பாத்திருக்காங்க. மை ஓடிருச்சாம்." நித்யஸ்ரீ நிறுத்தினாள். சின்னத்தாய் கண்ணை மூடினாள். "ஆனா அந்த விரலு ரொம்பப் புடிச்சிருக்குதாமுங்க! மனுசங்க கை பட்டுத்தான் அந்தப் பூ அழியுதுங்கறதை ஒரே ரேகையில சொல்லியிருக்கறீங்கன்னு எழுதியிருக்காங்க. ரொம்ப ஆழமா இருக்குதாம்."

"ஆழமாத்தான் இருக்கும்," என்றாள் அபிராமி. "அமுக்கின அமுக்கு அப்படி."

"அதே விரலை ஸ்கிரீன்ல எடுத்து, ஓடாத கலர்ல அடிக்கச் சொல்றாங்க. பூ ஓகே. அப்பறம் பல்லியும் வேணுமாம். முதுகு நெறையப் பெருசா. ஆனா உடம்புல செதிலுக்குப் பதிலா முழுக்க அதே விரல் ரேகை வேணும்னு கேக்கறாங்க."

எல்லோரும் திரும்பிச் சின்னத்தாயின் வலது கையைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

முனீஸ் எழுந்தான். "அப்ப ரெண்டும் ஓகே. சாம்பிள் டேபிளு ஆளுக்குப் பாதி."

"எப்பிடிப் பாதி?" என்றாள் சின்னத்தாய். "பூ என் விரலால தேறுச்சு. பல்லியும் என் விரலாலதான் தேறணும். உன்கிட்ட என்ன இருக்கு, தோள்ல ஒரு பூச்சி."

"தாயி, ஒரு விரலு குடு. உனக்குக் கோயில் கட்டுறேன்."

"கோயில் வேணாம். நான் ஸ்கிரீன் புடிக்கிறேன். நீ பீஸ் போடு."

சாத்தூர்க்காரன், படம் அடிப்பதில் முதல் கை, பீஸ் போடுவதா? முனீஸ் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டேபிள்முனையில் போய் நின்று, முதல் துணியை எடுத்து ஒட்டினான். கோணலாக ஒட்டினான்.

"சுருக்கம் விழுது. எடுத்துத் திரும்பப் போடு," என்றாள் சின்னத்தாய். இதைச் சொல்வதற்காகவே அத்தனை வருடம் பீஸ் போட்டிருந்தாலும் தகும் என்று பின்னால் வீரணனிடம் சொன்னாள்.

ரங்காத்தாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "மறுபடி முதுகுங்களா? கவலையாச்சே கண்ணு?"

"அம்மா, இப்ப இது பல்லி இல்லீங்க. பூராவும் என் விரலுங்க. குழந்தை முதுகுல நாலு விரலு பட்டா அது தட்டிக் குடுக்கிறதுதானுங்களே?"

ரங்காத்தாள் யோசித்தார். "அதுக்குக் காலண்டர்ல பலனே இல்லீங்க," என்றார் திருப்தியாக. "ஒரு தேங்காயை ஒடச்சுட்டு ஆரம்பிங்க."

விரல் ரேகையை எடுத்துச் செய்த புது ஸ்கிரீன் வந்ததும், சின்னத்தாய் அதைத் தூக்கி வைத்தாள். ரப்பர் கட்டையை இழுத்தாள். ஸ்கிரீனை எடுத்தபோது, வால் முதல் நாக்கு வரை ரேகை ரேகையாக ஓட, பல்லி முனீஸ் ஒட்டிய துணியில் படுத்திருந்தது. வாட்ச்மேன் வந்து பார்த்தார். இந்த முறை இரண்டு அடி பின்னால் போனார்.

பூவும் பல்லியும் ஓகே ஆயின; சாம்பிள் டேபிள் சின்னத்தாய்க்கு ஆயிற்று. ஒரே ஒரு வேலை பாக்கி. ஓகே ஆன சாம்பிளில் அட்டை ஒன்றைக் கட்டி, சாம்பிள் டேபிள் பொறுப்பாளர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை மேல்தான் மொத்த ஆர்டரும் ஓடும். சின்னத்தாய் வழக்கம்போல மைப்பெட்டியைத் தேடினாள். ரங்காத்தாள் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த விரலை வெக்காதே கண்ணு! அட்டையில வெச்சீனா அதையும் டிசைன்னு நெனச்சு, அட்டையையும் சேத்து அடிக்கச் சொல்லீருவாங்க. இனி அந்த விரலு கம்பெனிச் சொத்து. நீ பேரை எழுதிப் போடு."

"எழுதத் தெரியாதுங்கம்மா."

"படம் அடிக்கத் தெரியுமல்லோ?"

நித்யஸ்ரீ ஒரு தாளில் பெரிதாக 'சின்னத்தாய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அட்டைக்கு அடுத்த சனிக்கிழமை வரை தவணை கொடுத்தாள். சின்னத்தாய் அதை ஒரு புதுப் படம் வந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். எந்தக் கோடு முதலில், எது எதன்மேல் ஏறும், எங்கே வளைவு. வேஸ்ட் துணியில் சாக்பீஸால் வரைந்து பார்த்தாள். சோறு வடித்த சட்டி மூடியில் கரியால் வரைந்தாள். பேருக்காகவும் கட்சி பிரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு கிடக்கிற இரண்டு எழுத்தும் பல்லியின் வால் என்றான் முனீஸ். கடைசி எழுத்தின் மேலே புள்ளி வைத்த விதத்தைப் பார்த்தால் மலர்ந்த பூவில் தேனீ உட்காரப் போகிறது என்றாள் அபிராமி. பாதி பல்லி, பாதி பூ என்று ரங்காத்தாள் தீர்ப்புச் சொன்னார். அத்தோடு இரண்டு கட்சியும் கலைந்தன.

சனிக்கிழமை மத்தியானம் வீரணன் தன் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். வழுக்கு மரத்து வேட்டியை உடுத்தியிருந்தான். உள்ளே சின்னத்தாய் சாம்பிள் டேபிளில், ஃபேனுக்குக் கீழே, பேனாவை ரப்பர் கட்டையைப் போல இரண்டு கையாலும் பிடித்தாள். அபிராமி ஒரு கையை எடுத்துவிட்டாள். முனீஸ் அட்டையை நகராமல் பிடித்துக்கொண்டான். அந்த வேலையை இப்போது சுருக்கமில்லாமல் செய்தான்.

அவள் முதல் எழுத்தை இழுத்தாள். இரண்டு வாலையும் சுருட்டினாள். பூவை மலர்த்தினாள். தேனீயை வைத்தாள்.

நித்யஸ்ரீ எட்டிப் பார்த்துவிட்டு, கீழே தேதியும் போட வேண்டும் என்றாள். எண்கள் சின்னத்தாய்க்கு எப்போதுமே தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பழகியவள். யாரையும் கேட்காமல் தானே எழுதினாள்:

24.3.2007.